ஒரே எண்ணில் இரண்டு பில்

மழை பிடித்துக்கொண்ட நாளிலிருந்து பசை ஒட்டவில்லை. ஃபோம் தாளின் மேல் பசையைத் தெளித்து, இன்னொரு தாளை அதன்மேல் அடுக்கி, பலகையும் மூன்று சிமெண்டுக் கல்லும் ஏற்றி வைத்தால் மற்ற நாட்களில் ஒரு மணி நேரத்தில் பிடித்துவிடும். அன்றைக்கு மதியம் வரை வைத்திருந்தும், ஓரத்தைத் தூக்கினால் வெந்த தோல் உரிவதுபோலப் பிரிந்து வந்தது.

"அண்ணே, இது இன்னைக்கு ஆகாது" என்றார் தையல்காரர்.

மெத்தைக்காரர் வெட்டுமேசைக்கு முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அந்த முதுகில் கோபம் தெரிந்தது. அவருக்குப் பின்னால், இருபத்தைந்து வருடமாக அவர் பில் எழுதிய மேசையில், ஒரு கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்திருந்தது. அதன் முன்னால் அவருடைய மனைவி.

கடை என்பது நீளமான ஒரு கூடம். மேலே தகரம். வாசல் பக்கம் விற்பனைக்கு நாலைந்து மெத்தைகள் பாலித்தீன் உறையோடு சாய்ந்து நிற்கும். நடுவில் வெட்டுமேசை. பின்னால் இரண்டு தையல் மெஷின்கள். அதற்கும் பின்னால் ஒரு கதவு. அதைத் திறந்தால் வீடு. ஒரே மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகு புருஷனும் பெண்டாட்டியும் மட்டும்தான். கடையில் வேலைக்கு என்று இருந்ததும் அந்தத் தையல்காரர் ஒருவர்தான். வளைந்த மெத்தை ஊசியை எந்நேரமும் உதட்டில் கடித்துக்கொண்டிருந்ததால் அவருக்கு 'ஊசி' என்று பெயர் விழுந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம்.

கம்ப்யூட்டர் வந்ததற்குக் காரணம் ஆடிட்டர். "இனிமே கையால எழுதுற பில்லு செல்லாது. எல்லாம் கம்ப்யூட்டர்லதான். ஜனவரியிலருந்து எழுதின பழைய பில்லையும் வருஷம் முடியறதுக்குள்ள ஏத்திடணும். இல்லன்னா வரி ஆபீஸ்ல நான் ஒண்ணும் பேச முடியாது" என்று அவர் சொன்னபோது மெத்தைக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். ஆடிட்டர் குரலைத் தாழ்த்தி, "நீங்க கத்துக்கங்கம்மா. அவருக்கு இது சரிப்படாது" என்றார். அவர் சொன்ன விதம் அவளுக்கு உறுத்தியது. ஆனாலும் ஏனென்று கேட்கவில்லை.

சாஃப்ட்வேர் விற்ற கம்பெனியிலிருந்து ஒரு பெண் வாரம் இரண்டு நாள் வந்தாள். ஸ்கூட்டரை வாசலில் நிறுத்தி, மழைக்கோட்டைக் கழற்றி உதறி, பையிலிருந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து வைத்துக்கொண்டுதான் பாடம் தொடங்குவாள். ஒருபோதும் மவுஸைத் தொட மாட்டாள். "நான் தொட்டா எனக்குத்தான் வரும். நீங்க தொடுங்க" என்பாள்.

முதல் நாளே தகராறு.

"கல்லாவுக்குப் பணம் வந்தா கல்லா பேர்ல டெபிட் போடணும்க்கா."

"அதெப்படிம்மா? வந்தா வரவுதான? பேங்க்லருந்து வயித்தெரிச்சலா மெசேஜ் வருதே, டெபிட் டெபிட்டுன்னு. அது போறதுக்குத்தான வருது?"

"அது பேங்க் அவங்க பக்கத்துலருந்து சொல்றது. நீங்க கல்லாவ ஒரு ஆளுன்னு நினைச்சுக்கங்க. அந்த ஆள் கையில ஐநூறு குடுக்கறீங்க. இப்ப யாரு யாருக்குப் பதில் சொல்லணும்?"

"அவன்தான் எனக்குச் சொல்லணும்."

"அவ்வளவுதான். வாங்கினவன் பேர்ல டெபிட். குடுத்தவன் பேர்ல கிரெடிட்."

மெஷினிலிருந்து ஊசி தலையைத் தூக்கினார். "ஏம்மா, அப்ப மாசா மாசம் சம்பளம் வாங்கறனே, நான் டெபிட்டா?"

"நீங்க செலவுண்ணே."

"பத்தொம்பது வருஷமா இவங்களும் அதைத்தாம்மா சொல்றாங்க. கம்ப்யூட்டர் இல்லாமலே கண்டுபிடிச்சுட்டாங்க."

மெத்தைக்காரரின் மனைவி சிரித்தாள். பெண்ணும் சிரித்தாள். மெத்தைக்காரர் மட்டும் திரும்பாமல் சொன்னார்: "கல்லா ஒரு ஆளாம். நாளைக்கு அதுக்கும் ஒரு தட்டு வச்சு சோறு போடு."

பத்தாவதில் கணக்கில் எண்பத்தொன்பது வாங்கியவள் அவள். அது நடந்து முப்பத்து நான்கு வருடம் ஆகிவிட்டது. இடையில் அவள் செய்ததெல்லாம் உறை மடித்தது, ஜிப் தைத்தது, மூன்று வேளை சமைத்தது. ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடித் தட்டினாள். ஒரு நாள் முழுக்க ஏற்றிய பில்லெல்லாம் அடுத்த வருடத் தேதியில் போய் விழுந்தன. இன்னொரு நாள் சைபர் கூடிப்போய் ஒரு தலையணை நாற்பதாயிரத்துக்கு விற்றது. "உள்ள பஞ்சா வச்சீங்க, தங்கமா வச்சீங்க?" என்றாள் பெண். அழிக்கக் கற்றுக்கொண்டாள். திருத்தக் கற்றுக்கொண்டாள். மூன்றாவது வாரம் ஒரு மாதத்துக் கணக்கு முழுதும் ஏறி, இரண்டு பக்கமும் ஒரே தொகையாக வந்து நின்றபோது, எழுந்து உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். ஏனென்று அவளுக்கே தெரியவில்லை. இத்தனை வருடத்தில் அவள் கையால் எதுவும் இப்படிப் பிசகாமல் வந்து நின்றதில்லை.

அதற்கப்புறம்தான் அந்தச் செய்தி வரத் தொடங்கியது.

மெத்தைக்காரரின் பில் புத்தகங்களில் எண் அச்சடித்திருக்காது. அச்சடித்தால் விலை கூடும் என்று அவரே கையால் போடுவார். மார்ச் மாதத்து பில்களை ஏற்றிக்கொண்டிருந்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு என்று தட்டினாள். திரையில் சின்னதாக ஒரு பெட்டி விழுந்தது. 'இந்த எண்ணில் ஏற்கெனவே ஒரு பில் உள்ளது.'

தன் விரல்தான் பிசகியது என்று அழித்துவிட்டு மறுபடி தட்டினாள். மறுபடி அதே பெட்டி. புத்தகத்தைப் பின்னால் புரட்டினாள். மார்ச் பதினான்காம் தேதி, விடுதிக்காரருக்கு, நாற்பது மெத்தை, பில் எண் இருநூற்றுப் பன்னிரண்டு. ஒன்பது நாள் கழித்து, அதே விடுதிக்காரருக்கு, அதே நாற்பது மெத்தை, அதே தொகை, அதே இருநூற்றுப் பன்னிரண்டு. இரண்டும் அவர் கையெழுத்து. இரண்டுக்கும் பணம் வந்திருந்தது.

நாற்பது மெத்தை ஒரு தடவைதான் போனது. அவளும் சேர்ந்துதான் உறை மாட்டினாள். அவளுக்குத் தெரியாதா?

ஏப்ரலில் இரண்டு இடத்தில் அந்தப் பெட்டி விழுந்தது. மே மாதத்தில் ஐந்து. ஜூனில் எண்கள் முந்நூற்று ஐந்திலிருந்து முந்நூற்று முப்பதுக்குத் தாவின. பிறகு திரும்பி வந்தன. ஃபோம் வியாபாரிக்கு ஒரே சரக்குக்கு இரண்டு செக் போயிருந்தது, மூன்று தடவை. ஒரு கையில் தப்பாக வந்தது இன்னொரு கையில் தப்பாகப் போயிருந்ததால் கல்லாவில் பெரிதாக எதுவும் தெரியவில்லை. ஆகஸ்டில் பேக்கரிக்காரர் பெயரில் ஒரு பில் இருந்தது. பேக்கரிக்காரரை அடக்கம் செய்த இடத்தில் இவர்கள் இரண்டு பேரும் நின்று மண் போட்டது அதற்கு முந்தைய டிசம்பரில்.

அவள் அந்தப் பக்கத்தின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெட்டுமேசையில் மெத்தைக்காரர் ஃபோம் தாளை விரல்களால் அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். மறதி இருந்தது, அவளுக்குத் தெரியும். பசை டின்னை மூடாமல் விடுவார். சொன்னதையே சொல்வார். சர்க்கரை என்று நினைத்தாள். வயது என்று நினைத்தாள். மகள் போன கவலை என்றுகூட நினைத்தாள்.

அடுத்த தடவை வந்த பெண் திரையைப் பார்த்தாள். பிஸ்கட்டைக் கடித்தவள் மெல்லாமல் நிறுத்தினாள்.

"அக்கா, இது நீங்க பண்ண தப்பு இல்ல."

"தெரியும்மா."

"எல்லாத்தையும் ஒரு லிஸ்டா எடுக்கலாம். எந்தத் தேதி, எந்த பில்லுன்னு. எடுக்கட்டுமா?"

"எடு" என்றாள். பிறகு, "இரு. நானே எடுக்கறேன், சொல்லு" என்றாள்.

மூன்று பக்கம் வந்தது. மடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்தாள். அவரிடம் எப்படிச் சொல்வது, முதலில் டாக்டரிடம் போவதா, மகளுக்குப் போன் போடுவதா என்று நான்கு நாள் ஓடியது. ஐந்தாம் நாள் விடுதிக்காரர் வந்தார்.

வேலைக்குப் போகிறவர்கள் தங்கும் விடுதி அவருடையது. மூன்று மாடி. இருபத்திரண்டு வருடப் பழக்கம். புதிதாக ஒரு மாடி எழுப்பிக்கொண்டிருந்தார். அதற்கு அறுபது மெத்தை இவர்களிடம்தான் சொல்வதாகப் பேச்சு. அந்த அறுபதை நம்பித்தான் அடுத்த வருடமே இருந்தது.

குடையை மடக்காமல் வாசலில் நின்றே பேசினார். "எங்க ஆபீஸ்லயும் கம்ப்யூட்டர் வந்துடுச்சுய்யா."

"உள்ள வாங்க. டீ சொல்றேன்" என்றார் மெத்தைக்காரர்.

"டீயெல்லாம் வேணாம். நாப்பது மெத்தைக்கு ரெண்டு தடவை பணம் வாங்கியிருக்க. இது என்ன கணக்கு?"

"ரெண்டு தடவையா? யாரு சொன்னா?"

விடுதிக்காரர் சட்டைப் பையிலிருந்து இரண்டு பில்லை எடுத்து, உள்ளே வந்து வெட்டுமேசையில் போட்டார். ஈரக் கை பட்டு ஓரம் நனைந்திருந்தது. மெத்தைக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒன்றை எடுத்தார். மற்றதை எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது நான் எழுதினது இல்ல" என்றார்.

"உன் எழுத்துய்யா!"

"என் எழுத்து மாதிரி இருக்கு. நான் எழுதல."

"அப்ப பேய் வந்து எழுதிச்சா? இங்க வேற யாரு இருக்கா?"

மெத்தைக்காரர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். யாரையோ தேடுகிறவர்போல இருந்தது அந்தப் பார்வை. மெஷின் பக்கம் போய் நின்றது. "நான் பேங்குக்குப் போனா கடையில இருக்கறது அவன்தான். பில் புக்கு இந்த மேசையிலதான் கிடக்கும்."

ஊசி உதட்டிலிருந்த ஊசியை எடுத்தார். சட்டைக் காலரில் குத்திக்கொண்டார்.

"அண்ணே, என்ன பேசறீங்க?"

"பத்தொம்பது வருஷமா பாக்கறல்ல, என் எழுத்து உனக்கு வராதா? பணத்தை வாங்கி எங்கடா வச்ச?"

"அண்ணே…"

"திருட்டுப் பய. வீட்டுக்குள்ள ஒருத்தனா வச்சிருந்தேனே!"

அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவள் முழங்கைக்குக் கீழே இழுப்பறை. அதற்குள் மூன்று பக்கம். திறந்து எடுத்து நீட்ட ஒரு நொடி ஆகும். ஆனால் விடுதிக்காரர் நிற்கிறார். இப்போது சொன்னால் சாயந்தரத்துக்குள் கடைத்தெரு முழுக்கத் தெரிந்துவிடும், மெத்தைக்காரருக்கு மூளை கலங்கிவிட்டது என்று. மூளை கலங்கியவனிடம் அறுபது மெத்தைக்கு யார் முன்பணம் கொடுப்பார்? இதையெல்லாம் அவள் யோசித்தாள். நின்று நிதானமாகவே யோசித்தாள். அதுதான் பின்னால் அவளைத் தின்றது.

ஊசி அவளை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அவள் கீபோர்டைப் பார்த்தாள்.

அவர் தன் கத்தரிக்கோலை எடுத்து ஒரு துண்டுத் துணியில் சுற்றினார். அது அவருடைய சொந்தக் கத்தரிக்கோல். விடுதிக்காரரைத் தாண்டி மழையில் இறங்கி நடந்தார். ஊசியின் குடை கடைக்குள்ளேயே கிடந்தது.

"யாரு தின்னீங்களோ எனக்குத் தெரியாது. பத்து நாள்ல என் பணம் வரணும்" என்று சொல்லிவிட்டு விடுதிக்காரரும் போனார்.

அன்று அவர்கள் சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தார்கள். சாயந்தரம் நான்கு மணிக்கு மெத்தைக்காரர் கேட்டார்: "ஊசி எங்க? டீக்குப் போனவன் இன்னுமா வரல?"

மறுநாளே சர்க்கரை பார்க்க வேண்டும் என்று சொல்லி அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். சர்க்கரை டாக்டர் இன்னொரு டாக்டரிடம் அனுப்பினார். அந்தப் பெண் டாக்டர் அவரிடம் அரை மணி நேரம் பேசினார். பிறகு அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு இவளைக் கூப்பிட்டார்.

"இந்த மறதி எப்ப ஆரம்பிச்சதும்மா? உத்தேசமாச் சொல்லுங்க போதும்."

"மார்ச் இருபத்தி மூணு."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். அவள் பையிலிருந்து மூன்று பக்கத்தையும் எடுத்து மேசையில் வைத்தாள். டாக்டர் முதல் பக்கத்தைப் படித்தார். இரண்டாவதைப் படித்தார். மூன்றாவதற்கு வரும்போது கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"சொந்தக்காரங்க ஒரு வருஷம் இருக்கும், ரெண்டு வருஷம் இருக்கும்னுதான் சொல்லுவாங்க. தேதி போட்டு யாரும் கொண்டு வந்ததில்ல."

"கம்ப்யூட்டர்ல போட்டா வருது டாக்டர்."

"அன்னைக்கு ஏதாவது நடந்துச்சா? கீழ விழுந்தாரா, சண்டை, அதிர்ச்சி, அந்த மாதிரி?"

அவள் யோசித்தாள். இத்தனை நாளாக அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தாள். "ஒண்ணும் நடக்கல. ஒரு சாதாரண நாள். எனக்கு அந்த நாள் ஞாபகமே இல்ல."

டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார். மாத்திரையால் நிறுத்த முடியாது, கொஞ்சம் தள்ளிப்போடலாம் என்றார். இந்த வயதில் வந்தால் வேகமாகப் போகலாம் என்றார். செக் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொள்ளச் சொன்னார். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வெளியே வந்தபோது மெத்தைக்காரர் காத்திருப்பவர்களின் பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்திலிருந்த யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். பெஞ்சு மெத்தையைக் கட்டைவிரலால் அமுக்கிக் காட்டினார். "அமுக்கினா எழும்பி வர எவ்வளவு நேரம் எடுக்குது பாருங்க. மட்டமான ஃபோம். ஆறு மாசத்துல குழி விழுந்துடும். காசு வாங்கிட்டு இப்படிச் செய்வாங்களா?" அவர் சொன்னது அத்தனையும் சரி.

ஊசியின் வீடு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய தூரத்தில் இருந்தது. ஒரே அறை. ஜன்னலோரம் ஒரு பழைய மெஷின். அவர் யாருடைய திரைச்சீலைக்கோ ஓரம் மடித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து, நாற்காலியில் கிடந்த துணிகளை எடுத்துவிட்டு, "உக்காருங்க அண்ணி" என்றார். அவர் மனைவி வேலைக்குப் போயிருந்தாள். அவரே டீ போட்டார். சர்க்கரை இல்லாமல் போட்டார். அவள் சர்க்கரை போடாமல் குடிப்பாள் என்பது அவருக்குத் தெரியும்.

அவள் காகிதங்களை எடுத்தாள்.

"வேணாம் அண்ணி. எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"அண்ணனுக்கு முடியலன்னு. ஒரு வருஷமாத் தெரியும். ஆறடின்னு சொல்லிட்டு அஞ்சரைக்குக் கோடு போடுவாரு. நான் மறுபடி அளந்துட்டுத்தான் வெட்டுவேன். அவரு பாக்காதப்ப அளப்பேன். பாத்தா கோவப்படுவாரு."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? நீங்க தினம் அவரோட இருக்கறவங்க. உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்னு நினைச்சேன்." அவர் டீயை ஆற்றினார். "அப்புறம், சொன்னா கடையை மூடிடுவீங்களோன்னும் ஒரு பயம். அதையும் சொல்லிடணும்ல."

பக்கத்து வீட்டில் குழாயைத் திறந்து வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"நானும் அப்படித்தான் நினைச்சுட்டு உக்காந்திருந்தேன் அன்னைக்கு" என்றாள். "லிஸ்டு என் கைக்குக் கீழதான் இருந்துச்சு. எடுத்துக் காட்டல. அறுபது மெத்தை போயிடும்னு பாத்தேன். உன்னைப் பாக்கல."

"நீங்க பாக்காததைத்தான் பாத்தேன் அண்ணி."

"மன்னிச்சுக்கோ. திரும்பி வா. அவருக்கு நடந்தது எதுவும் ஞாபகம் இல்ல. தினம் நாலு தடவை ஊசி எங்கன்னு கேக்கறாரு."

"அவரு மறந்துட்டாரு. சரி. அது அவரு வியாதி." ஊசி டம்ளரைக் கீழே வைத்தார். "எனக்கு அந்த வியாதி இல்லையே அண்ணி. நான் என்ன பண்ணுவேன்? அவரு ஒவ்வொரு தடவை ஊசின்னு கூப்பிடும்போதும் எனக்கு அந்த வார்த்தைதான் கேக்கும். அவரு மேல வருத்தம் இல்ல. சத்தியமா இல்ல. ஆனா அந்த மெஷின்ல உக்கார என்னால முடியாது."

அவள் எழுந்தபோது வாசல் வரை வந்தார். "ஒண்ணு மட்டும் செய்யுங்க. விடுதிக்காரர்கிட்ட நான் எடுக்கலன்னு சொல்லிடுங்க. அவரு வாய் பெரிய வாய். நாளைக்கு நான் இன்னொரு இடத்துல போய் நிக்கணும்."

அவள் வீட்டுக்குப் போகவில்லை. அங்கிருந்து நேரே விடுதிக்குப் போனாள்.

விடுதிக்காரர் மூன்று பக்கத்தையும் படித்தார். ஆஸ்பத்திரிச் சீட்டையும் படித்தார். படித்து முடித்துவிட்டு எழுந்தார். எங்கும் போக இடமில்லாததுபோல் மறுபடி உட்கார்ந்தார்.

"என்கிட்ட அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா."

"சொல்லியிருக்கணும் சார்."

"அவன் சத்தியவான். இருபத்திரண்டு வருஷத்துல ஒரு இஞ்ச் குறைச்சு வெட்டினதில்ல. அவனைப் போய் நான்…" மேசை மேலிருந்த பேனாவைத் திருப்பித் திருப்பி வைத்தார். "பணத்தை மெதுவாக் குடுங்க. மாசம் முடிஞ்சதைக் குடுங்க. அந்தத் தையல்காரர்கிட்ட நானே போய்ப் பேசறேன்."

"அறுபது மெத்தை சார்?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். மேல்மாடியில் கொத்துவேலை நடந்துகொண்டிருந்தது. "வேற இடத்துல சொல்லிட்டேம்மா" என்றார். பிறகு, அது பொய் என்று இரண்டு பேருக்கும் தெரிந்துபோனதால், "அளவு மாறிப்போனா நான் என்ன பண்றது, நீங்களே சொல்லுங்க? அறுபது கட்டில் வாங்கிப் போட்டிருக்கேன்" என்றார்.

அவர் இடத்தில் இருந்தால் அவளும் அதையேதான் செய்திருப்பாள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எதிர்பார்த்தபடிதான். ஃபோம் வியாபாரி, "அட, நான் கவனிக்கவே இல்லையே" என்று மூன்று செக்குக்கும் சேர்த்து ஆச்சரியப்பட்டு, விடுதிக்காரருக்குத் திருப்பித் தரும் அளவுக்காவது பணம் கொடுத்தார். விசாரிக்க வந்தவர்கள் வந்தார்கள். வாங்க வந்தவர்கள் குறைந்தார்கள். வந்த சிலரும் அவரிடம் பேசாமல் அவளிடம் மெதுவாகப் பேசினார்கள். விடுதிக்காரர் சொன்னபடி ஊசியிடம் போயிருக்கிறார். அதோடு நிற்காமல், அறுபது மெத்தையை யாரிடம் கொடுத்தாரோ அந்தப் புதிய கம்பெனியிலேயே அவருக்கு வேலையும் வாங்கிக் கொடுத்தார். சம்பளம் இங்கே கொடுத்ததைவிடக் கூடுதல்.

மெஷின்களில் பெரியதை அவள் விற்றாள். ஆடிட்டரைக் கேட்டு, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்று ஊசியின் பத்தொன்பது வருடத்துக்கும் பணிக்கொடைக் கணக்குப் போட்டாள். அன்றைக்குத்தான் சாஃப்ட்வேர் பெண்ணின் கடைசி வகுப்பு. எந்தத் தலைப்பின் கீழ் அதை எழுதுவது என்று சொல்லிக் கொடுத்தாள். கிளம்பும்போது, "ஏதாவது வரலன்னா போன் பண்ணுங்க" என்றவள், "வராதுன்னு இல்ல. உங்களுக்கு எல்லாம் வந்துடுச்சு" என்று திருத்திக்கொண்டாள்.

பணம் வாங்கிக்கொள்ள ஊசி ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு வந்தார். மழை விட்டு வெயில் அடித்தது. தகரம் சூடேறிக் கூடத்தில் பசை வாசனை தூக்கியது. தேய்த்த சட்டை போட்டிருந்தார். வாசலிலேயே நின்று, "அண்ணி" என்று கூப்பிட்டார்.

அவளுக்கு முன்னால் மெத்தைக்காரர் பார்த்துவிட்டார். முகமெல்லாம் மலர்ந்தது.

"டேய், மணி என்னடா ஆகுது? வர்ற நேரமா இது? வா வா. ஒத்த ஆளாக் கிடந்து அல்லாடறேன்."

ஊசி அவளைப் பார்த்தார். இந்தத் தடவை அவள் பார்வையைத் திருப்பவில்லை.

"என்ன முழிக்கிற? இந்தா, இந்த உறையைப் பிடி. ஓரம் அடிச்சுக் குடு. அந்தம்மா மத்தியானம் வந்துடும்."

வெட்டுமேசையில் அவர் வெட்டிய உறை கிடந்தது. நீலக் கோடு போட்ட துணி. அதை யாரும் கேட்கவில்லை, எந்த அம்மாவும் மத்தியானம் வரப்போவதில்லை. ஊசி துணியை எடுத்து விரித்தார். இரண்டு கைகளையும் அகட்டிப் பிடித்தார். மெத்தைக்காரர் தண்ணீர் குடிக்கத் திரும்பிய நேரம், மேசையில் கிடந்த டேப்பை எடுத்து ஒரு தடவை அளந்தார். நீளத்தில் முக்கால் அடி குறைந்தது. மூலையில் கிடந்த வெட்டுத் துணிகளைக் கிளறி அதே நீலக் கோட்டில் ஒரு பட்டையை எடுத்தார். மிச்சமிருந்த சின்ன மெஷினில் போய் உட்கார்ந்தார்.

மெத்தைக்காரர் துணியின் மறுமுனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். மெஷின் ஓட ஓட, இழுபடாமல் விட்டுக்கொடுத்துக்கொண்டே வந்தார். கை மறக்கவில்லை. எங்கே இழுக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்று கைக்குத் தெரிந்திருந்தது. பட்டை ஒட்டிய இடத்தில் கோட்டோடு கோடு சேர்ந்து, பார்த்தால் ஒட்டு தெரியாதபடி வந்தது. அரை மணி நேரம் ஆயிற்று. இரண்டு பேரும் நூலைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் தவிர வேறெதுவும் பேசவில்லை. அவள் கம்ப்யூட்டர் முன்னால் ஒன்றும் தட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

ஊசி நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். உறையை மடித்து மேசை மேல் வைத்தார். பிறகு அவள் பக்கம் வந்து, அவள் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். கவருக்குள் இருந்த பணத்தை எண்ணாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

"என்ன கையெழுத்து?" என்றார் மெத்தைக்காரர்.

"சம்பளம்ங்க" என்றாள்.

"அதானே. அவனுக்குக் குடுக்கறதைச் சரியாக் குடுத்துடு." தைத்த உறையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தையல் ஓரமாக விரலை ஓட்டினார். "நாளைக்குச் சீக்கிரம் வாடா. விடுதிக்காரன் அறுபது மெத்தை சொல்லியிருக்கான்."

ஊசி வாசல்படியில் உட்கார்ந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். வார் அறுந்திருந்ததோ என்னவோ, கொஞ்சம் நேரம் பிடித்தது. எழுந்தவர், உள்ளே திரும்பிப் பார்த்தார்.

"சரிண்ணே" என்றார். "வர்றேன்."